கரிவலம்வந்தநல்லூர் எந்த மாவட்டம்?

2019 நவம்பர் மாதத் தொடக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்து ஊர். அதே மாதக் கடைசியில் தென்காசி மாவட்டத்து ஊர். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. பால்வண்ணநாதர் கோயில் கோபுரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்துகள் வழக்கம்போல ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. மாறியது ஏதோ ஓர் அலுவலகக் கணினியில், ஏதோ ஓர் அட்டவணையில், ஒரே ஒரு கட்டம்தான். "திருநெல்வேலி" என்று இருந்ததை அழித்துவிட்டு "தென்காசி" என்று எழுத வேண்டும். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று நினைத்து மாற்றியவர்கள் பலர். அதனால் வந்த வினைதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

ஓர் உரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் சென்னையில். எந்த ஊர்க் கடையில் எத்தனை மூட்டை விற்றது என்பது ஓர் அட்டவணையில் இருக்கிறது. எந்த ஊர் எந்த மாவட்டம் என்பது இன்னோர் அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து மாவட்டவாரியாகப் படம் வரைந்து காட்டுவது வணிகப் பகுப்பாய்வு மென்பொருளின் வேலை. எந்த அட்டவணை எதனோடு, எந்தக் கட்டத்தின் வழியாக இணைகிறது என்ற இந்த அமைப்புக்குத்தான் தரவு மாதிரி, அதாவது டேட்டா மாடல் என்று பெயர். இப்போது ஊர் அட்டவணையில் கரிவலத்துக்கு நேரே "தென்காசி" என்று மாற்றியதும் என்ன ஆகும்? 2018-ல் விற்ற மூட்டைகளும் தென்காசிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். 2018-ல் தென்காசி என்று ஒரு மாவட்டமே கிடையாது! திருநெல்வேலி மாவட்ட விற்பனை மேலாளர், தான் போன வருடம் காட்டிய எண்ணிக்கை இந்த வருட அறிக்கையில் பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார்.

மக்கள்தொகையிலும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டத்தில் 2001-ல் ஏறத்தாழ 27 லட்சம் பேர்; 2011-ல் ஏறத்தாழ 30.77 லட்சம் பேர். அந்த 2011 கணக்கில் சுமார் 14 லட்சம் பேர் பின்னாளில் தென்காசி மாவட்டமான பகுதியில் வசித்தவர்கள். விவரம் தெரியாமல் அடுத்த கணக்கெடுப்பின் எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்துக் கோடு போட்டால், நெல்லையில் ஏதோ கொள்ளைநோய் வந்துவிட்டது போலத் தோன்றும்.

வெற்றுத்தாளில் புதிதாக ஒரு தரவு மாதிரி வரைவது பெரிய வேலை இல்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்துவதுதான் கடினம். ஏனென்றால் அது ஏற்கனவே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில்களை நம்பிப் பலர் முடிவும் எடுத்துவிட்டார்கள். புதிய அமைப்பு வந்ததும் பழைய பதில்களை என்ன செய்வது? இந்தக் கேள்வி கணினியோடு பிறந்தது அல்ல. கரிவலம்வந்தநல்லூருக்கே இதில் ஒரு பழைய, கசப்பான பங்கு உண்டு.

நெய்யில் தோய்ந்த சுருணைகள்

கரி என்றால் யானை. யானை வலம்வந்து வழிபட்ட நல்ல ஊர் என்பது பெயர்க்காரணம். கருவை என்பது இலக்கியப் பெயர். 16-ம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராம பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. கருவை அந்தாதிகள் இந்த ஊர் இறைவன்மேல் பாடப்பட்டவை. புலமையும் ஏடும் செழித்த இடம்.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பழந்தமிழ் நூல்களின் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த உ.வே.சாமிநாதையர் இங்கே வந்தார். இங்கிருந்த பாண்டிய மன்னரின் சுவடிகள் அவருக்குப் பின் கோயிலுக்கு வந்து சேர்ந்தன என்று கேள்விப்பட்டு ஆவலோடு வந்தவருக்குக் கிடைத்த பதிலை அவரே 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளும் கணக்குச் சுருணைகளும் கலந்து குப்பை போலக் கிடந்தனவாம். பழுதான ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று யாரோ சொல்ல, அப்படியே செய்துவிட்டார்களாம். ஐயருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது எல்லோரும் அழிந்த இலக்கியங்களை நினைத்துத்தான் வருந்துவார்கள். அது சரிதான். ஆனால் கூடவே எரிந்த கணக்குச் சுருணைகளைப் பற்றிப் பேசுவார் இல்லை. கோயில் நிலம் எது, யார் குத்தகை, எத்தனை கோட்டை நெல் அளந்தார்கள் போன்ற விவரங்கள்தான் பொதுவாக இத்தகைய சுருணைகளில் இருக்கும். நடப்புக் கணக்கு வேறு புத்தகத்துக்குப் போய்விட்டதால் பழையது தேவையில்லை என்று ஆகிவிட்டது. எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. பயபக்தியோடுதான் எரித்தார்கள். அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்!

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காவிரிக் கரையில், கும்பகோணத்துக்குக் கிழக்கே திருக்கோடிக்காவல். 10-ம் நூற்றாண்டில் சோழப் பேரரசி செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைப் புதிதாகக் கற்றளியாக எடுப்பித்தார். பழைய கட்டடத்தின் கற்களில் பழைய கொடைகள் பற்றிய கல்வெட்டுகள் இருந்தன. கட்டடத்தைப் பிரித்தால் அவை போய்விடும். ஆகவே அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் திரும்பப் பொறிக்கச் செய்தார். அதோடு நில்லாமல், இது பழைய கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்பையும் சேர்த்தே பொறித்தார்கள். இதனால்தான் அவருக்கு முந்தைய பல்லவர், பாண்டியர் காலச் செய்திகள் நமக்கு அந்தச் சுவரில் கிடைக்கின்றன. அமைப்பு முழுக்க மாறியது. பதில் ஒன்றுகூடத் தொலையவில்லை. எது பழையது, எது புதியது என்ற குழப்பமும் இல்லை. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு!

மாற்றவே கட்டளை இல்லாத மொழி

இனி கணினிப் பக்கம் வருவோம். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், பெரிய தரவுத்தளங்களை எளிய அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையேயான உறவுகளாகவும் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்று வங்கி முதல் ரயில் முன்பதிவு வரை ஓடுவது பெரும்பாலும் அந்த யோசனையில்தான். காட் அந்தக் கட்டுரையை எழுதியதற்கான முக்கியக் காரணமே மாற்றம்தான். அதற்கு முன்பு தரவு மரக்கிளை போல அடுக்கப்பட்டிருக்கும். மாநிலத்துக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் தாலுகா, தாலுகாவுக்குள் ஊர் என்று ஒரே வழி. கிளையை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால், அந்த வழியை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் நின்றுவிடும். உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும், அது மாறினாலும், வெளியே பயன்படுத்துபவரின் வேலை பாதிக்கக் கூடாது என்பதுதான் காட் முன்வைத்த கோரிக்கை.

ஆனால் கோரிக்கை வேறு, நடைமுறை வேறு. அட்டவணைகளோடு பேசுவதற்கான எஸ்.க்யூ.எல். மொழிக்கு 1986-ல் முதல் தர நிர்ணயம் வந்தது. அந்த முதல் நிர்ணயத்தில், அட்டவணையை உருவாக்கக் கட்டளை இருந்தது. ஏற்கனவே உள்ள அட்டவணையின் அமைப்பைத் திருத்தும் 'ஆல்டர் டேபிள்' கட்டளை இல்லை! மென்பொருள் நிறுவனங்கள் தத்தம் வழியில் அந்த வசதியைக் கொடுத்து வந்தன. நிர்ணயத்துக்குள் அது வந்தது 1992-ல்தான். பிறப்பைப் பற்றி யோசித்தவர்கள் வளர்ச்சியைப் பற்றி யோசிக்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

அதே 1992-ல் பில் இன்மன் தரவுக் கிடங்கு பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். 1996-ல் ரால்ஃப் கிம்பல் இன்னொரு புத்தகம் எழுதினார். வணிகப் பகுப்பாய்வுத் துறையில் வேலை செய்பவர்கள் இன்றும் புரட்டும் புத்தகம் அது. விற்பனை போன்ற எண்களை நடுவில் ஓர் அட்டவணையிலும், ஊர், பொருள், வாடிக்கையாளர் போன்ற விவரங்களைச் சுற்றிலும் வைக்கும் நட்சத்திர அமைப்பைப் பரவலாக்கியவர் கிம்பல். கரிவலத்தின் மாவட்டம் போல, எப்போதாவது மாறும் விவரங்களுக்கு அவர் வைத்த பெயர் 'மெல்ல மாறும் பரிமாணம்'. மாறும்போது என்ன செய்யலாம்? பழையதை அழித்துப் புதியதை எழுதலாம். அல்லது பழைய வரிசையை அப்படியே விட்டு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று குறித்து, கீழே புதிய வரிசை ஒன்று சேர்க்கலாம். அல்லது அதே வரிசையில் 'முந்தையது' என்று ஒரு கட்டம் கூட்டலாம்.

அழித்து எழுதுவது ஓமத் தீ. தேதி போட்டுப் புது வரிசை சேர்ப்பது திருக்கோடிக்காவல். மூன்றாவது? அது தமிழ்நாட்டில் ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் மேசையிலும் இருக்கிறது.

பைமாஷ் முதல் பட்டா வரை

நிலப் பதிவேடுதான் இந்த நாட்டின் மிகப் பழைய, மிக அதிகமாகத் திருத்தப்பட்ட தரவு மாதிரி. திருநெல்வேலிச் சீமையில் நிலத்தின் அளவை விதைப்பாடாகச் சொல்வது வழக்கம். ஒரு கோட்டை விதைப்பாடு என்றால் ஒரு கோட்டை விதை விதைக்கத் தக்க நிலம். இதில் பரப்பு மட்டும் இல்லை, மண்ணின் குணமும் மறைந்து கிடக்கிறது. கம்பெனி ஆட்சியின் தொடக்க கால அளவைக்குப் பைமாஷ் என்று பெயர். பின்னர் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் முறையான சர்வே, செட்டில்மெண்ட் வந்தன. நிலம் ஏக்கரும் சென்டுமாக மாறியது. ஒவ்வொரு துண்டுக்கும் புல எண் கொடுத்தார்கள். மண்ணின் குணம் 'தரம்' என்ற தனிக் கட்டத்துக்குப் போனது. ஒரு கட்டத்தில் கலந்து கிடந்த இரண்டு விஷயங்களைப் பிரித்து இரண்டு கட்டமாக்கியது, தரவு மாதிரி வரைபவர்கள் கைதட்டத்தக்க வேலை. அதற்கும் பிறகு மறு செட்டில்மெண்ட், அதற்கொரு பதிவேடு.

பெரிய திருத்தம் 1979-ல் தொடங்கியது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பது அதன் பெயர். மக்கள் வாயில் இன்றும் 'யு.டி.ஆர்.'தான். 1987 வரை நடந்தது. காகிதத்தில் தாத்தா பெயர் இருக்கும், நிலத்தில் பேரன் உழுதுகொண்டிருப்பான். இந்த இடைவெளியைச் சரிசெய்வதுதான் நோக்கம். நல்ல நோக்கம், அவசியமான வேலையும்கூட. அதோடு ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. பாகம் பிரிந்த நிலங்களுக்குப் புதிய உட்பிரிவுகள் வந்தன. அதாவது ஒரே நேரத்தில் உரிமையாளர் பெயர், அளவின் அலகு, துண்டின் எண் என மூன்றும் மாறின. ஒன்று மாறினால் மற்ற இரண்டை வைத்துச் சரிபார்க்கலாம். மூன்றும் மாறினால்?

இதற்கு நடுவில், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் பரம்பரைக் கணக்கர், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. ஒழித்ததில் நியாயம் இருந்தது. பிறப்பால் வரும் அதிகாரம் ஊரில் என்னென்ன செய்தது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பதிவேட்டில் இருக்கும் 'மேற்படி' என்ற சொல் யாரைக் குறிக்கிறது, எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் மண்டையில் இருந்தது. கட்டங்களுக்கு எழுதப்படாத விளக்கம் அவர்தான். அந்த விளக்கம் திருத்தத்தின் நடுவழியில் அறையைவிட்டு வெளியே போய்விட்டது.

விளைவு? கூட்டுப் பட்டாவில் ஒரு தங்கையின் பெயர் விடுபடும். அலகு மாற்றத்தில் பரப்பு கூடும், குறையும். பட்டா நிலம் புறம்போக்கு என்று பதிவாகும். பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இங்கே ஏறும். பட்டா என்பது உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் பயிர்க்கடனுக்கும், வெள்ள நிவாரணத்துக்கும், நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கும்போது இழப்பீட்டுக்கும் அதிகாரி முதலில் கேட்பது பட்டாவைத்தான். 'யு.டி.ஆர். பிழைத் திருத்தம்' என்பது வருவாய்த் துறையில் தனியொரு மனு வகையாகவே ஆகிவிட்டது. திட்டம் முடிந்தபோது பிறக்காதவர்கள்கூட இன்று அந்த மனுவோடு அலுவலகப் படி ஏறுகிறார்கள்.

இவர்களைக் காப்பாற்றுவது எது? 'அ' பதிவேட்டில் புதிய புல எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் 'பழைய எண்' என்ற ஒரு சிறிய கட்டம்! அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கே தாத்தா பெயர் இருக்கும், பழைய பரப்பு இருக்கும். அதை வைத்து வழக்காடலாம். கிம்பல் 1996-ல் எழுதிய மூன்றாவது வழியை யாரோ ஒரு பெயர் தெரியாத நில அளவைத் துறை அதிகாரி வெகுகாலத்துக்கு முன்பே படிவத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கட்டமும் இல்லாமல், பழைய பதிவேடும் 'பழுதாகிவிட்டது' என்று ஒதுக்கப்பட்டிருந்தால், மனுவோடு வருபவரிடம் இருப்பது அவர் வாய்வார்த்தை மட்டும்தான்.

பின்னாளில் இந்தப் பதிவேடுகள் 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளுக்குள் போய், பட்டா வீட்டிலிருந்தே பார்க்கும்படி ஆனது. மிகப் பெரிய வசதி. ஆனால் காகிதத்தில் இருந்த பிழை கணினிக்குப் போனால் அது வேகமாகத் தெரியும் பிழை, அவ்வளவுதான். இடையில் தட்டச்சில் புகுந்த பிழைகள் தனிக்கணக்கு. புல எண்களை எக்செல்லில் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 5/2 என்று அடித்தால் அது பிப்ரவரி 5 என்று தேதியாகிவிடும்! இது நம் ஊர்க் கஷ்டம் மட்டும் இல்லை. 'மார்ச்1' என்று பெயர் வைத்த மரபணுவை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், உலக மரபணுப் பெயர்க் குழு 2020-ல் அப்படிப்பட்ட மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. மென்பொருளைத் திருத்துவதைவிட இயற்கையின் பெயரைத் திருத்துவது எளிதாகப் போய்விட்டது போலும்.

ஊருக்கு ஓர் எண்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நாடு முழுவதிலும் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியே ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்குள் மாவட்டம் கிடையாது. மாவட்டம் பிரிந்தாலும் தாலுகா மாறினாலும் ஊரின் எண் மாற வேண்டியதில்லை. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2020 முடிவதற்குள் 38. அத்தனை பிரிவினைகளிலும் ஊரைப் பின்தொடர்ந்து போக இந்த எண் போதும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவிலும் மாற்றங்களைத் தேதியோடு சேர்த்து வைக்கிறார்கள். இது இன்மனும் கிம்பலும் சொன்ன வழிதான்.

எண் ஏன் அவசியம், பெயர் போதாதா என்று கேட்கலாம். கரிவலம்வந்தநல்லூர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும். பேச்சில் 'கரிவலம்' என்று சுருங்கும் பெயர் வேறு. இரண்டு அட்டவணைகளைப் பெயரை வைத்து இணைத்தால் ஒரே ஊர் மூன்று ஊராகும்.

போதாக்குறைக்கு ஓர் ஊர் ஒரே மரத்தில் தொங்குவதும் இல்லை. வருவாய்த் துறைக்கு இது 2019-லிருந்துதான் தென்காசி. நாடாளுமன்றத் தேர்தலுக்கோ அதற்கு முன்பே தென்காசி. 2008 மறுவரையறையில் அமைந்த அந்தத் தொகுதிக்குள் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வரும். அஞ்சல் துறைக்கோ ஊரின் குறியீட்டு எண் மாவட்டப் பிரிவினைக்குப் பிறகும் 627 என்றே தொடங்குகிறது. அது நெல்லைக்கான எண். மூன்றும் சரி. மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைக்க நினைப்பதுதான் தவறு.

இன்று இந்த வேலைக்கென்றே மென்பொருள்கள் வந்துவிட்டன. மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ. 2015-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2023-ல் இணைய உலாவியிலேயே தரவு மாதிரியைத் திருத்தும் வசதியை அதில் சோதனை முறையில் கொடுத்தார்கள். திருத்தினால் உடனே தானாகச் சேமிக்கப்படும், திரும்பப் பெற முடியாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி அதற்குப் பின்னர்தான் சேர்ந்தது. முதலில் மாற்றும் வசதி, பிறகுதான் பழையதைக் காக்கும் வசதி. 1986-ன் கதை கொஞ்சம் வேறு உருவத்தில். நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனமும் 'ஸோஹோ அனலிடிக்ஸ்' என்ற பகுப்பாய்வு மென்பொருளைத் தருகிறது. அந்த அலுவலகம் 2011-ல் தொடங்கியபோது அது திருநெல்வேலி மாவட்டம். அவர்களின் சொந்த முகவரி அட்டவணையிலும் இந்தக் கேள்வி வந்திருக்கும்!

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அதற்காக மாவட்ட, தாலுகா எல்லைகளை 2025 டிசம்பர் 31 நிலவரப்படி உறையவைக்க உத்தரவானது. எண்ணும்போது எல்லை நகரக் கூடாது அல்லவா? கணக்கெடுப்புத் துறையில் 'ஏ-2' என்று ஓர் அட்டவணை உண்டு. 1901 முதல் ஒவ்வொரு பத்தாண்டின் மக்கள்தொகையையும் நடப்பு எல்லைக்கேற்ப மறுபடி கூட்டிக் கொடுப்பார்கள். வழக்கப்படி அது வெளியானால், தென்காசி மாவட்டத்துக்கு நேரே 1901-ம் ஆண்டின் எண்ணும் இருக்கும். மாவட்டம் பிறப்பதற்கு 118 வருடம் முந்தைய எண். அந்தக் கூட்டலுக்குள் கரிவலம்வந்தநல்லூரின் அன்றைய ஜனங்களும் இருப்பார்கள். எப்படிக் கூட்டினார்கள் என்பது அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் இருக்கும்.